பிராக்கா டெஸ்ட்: ரத்தம் கொடுப்பதற்கு முன்னும் ரிசல்ட் வந்த பின்னும்

மார்பகப் புற்றுநோய் வந்த 100 பெண்களில் ஏறக்குறைய 90 முதல் 95 பேருக்கு அது பரம்பரையாக வந்ததல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. "அம்மாவுக்கு இருந்துச்சு, அப்ப எனக்கும் வந்துடும்" என்று வருடக்கணக்கில் பயந்துகொண்டே இருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பயத்துக்கு அவசியமில்லை. மீதி 5 முதல் 10 பேர் இருக்கிறார்களே, அவர்களையும் அவர்கள் குடும்பத்தையும் பற்றியது இந்தக் கட்டுரை.

அவர்களுக்குப் பிறக்கும்போதே உடம்பின் எல்லா செல்களிலும் ஒரு மரபணு மாற்றம் இருக்கிறது. பல நேரம் அது இருக்கும் இடம் பிஆர்சிஏ1 அல்லது பிஆர்சிஏ2 என்ற மரபணு. ஆஸ்பத்திரிகளில் வாய்ப்பேச்சில் "பிராக்கா". முப்பது வருடத்துக்கு முன்புவரை நோய் வந்த பிறகுதான் டாக்டரைப் பார்ப்போம், அவர் வைத்தியம் சொல்வார். இப்போது ஒரு நோயும் இல்லாதவரிடம் கொஞ்சம் ரத்தம் எடுத்து, "உங்களுக்கு வருவதற்கான வாய்ப்பு இவ்வளவு, என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்க முடிகிறது. அந்தக் கேள்வியைக் கேட்பது சுலபமாகிவிட்டது. பதில் சொல்வது அப்படி இல்லை.

இந்த மரபணு செய்யும் வேலை

பெயரைக் கேட்டால் பிராக்கா என்பது புற்றுநோயை உண்டாக்கும் மரபணு என்று தோன்றும். உண்மையில் இது எல்லோருக்கும் இருப்பது, ஆண்களுக்கும் சேர்த்து. இதன் வேலையே நம்மைக் காப்பாற்றுவதுதான். செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏ இழை அடிக்கடி அறுபடும். இரண்டு இழையும் சேர்ந்து அறுந்துபோனால் அதைப் பிழையில்லாமல் ஒட்டவைக்கும் புரதங்களை இந்த மரபணுக்கள் தருகின்றன. ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி: ஒன்று அம்மா வழி, ஒன்று அப்பா வழி. ஒரு பிரதி பழுதோடு பிறந்தவருக்கு மற்றது பல காலம் வேலையைப் பார்த்துக்கொள்ளும். என்றைக்காவது ஒரு செல்லில் அந்த இரண்டாவது பிரதியும் கெட்டுப்போனால், அந்தச் செல்லில் பிழைகள் சேர ஆரம்பிக்கின்றன. புற்றுநோய் அங்கிருந்து கிளம்பலாம். கிளம்பாமலும் போகலாம்.

அந்த "லாம்" எவ்வளவு பெரியது? 2017இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றின் கணக்குப்படி, பிஆர்சிஏ1 பழுதோடு பிறந்த பெண்களில் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருபவர்கள் 100க்கு 72 பேர், பிஆர்சிஏ2 என்றால் 69 பேர். சினைப்பைப் புற்றுநோய் முறையே 44, 17. ஆண்களுக்கும் ஆபத்து உண்டு. பிஆர்சிஏ2 பழுது இருந்தால் புராஸ்டேட் புற்றுநோய் வாய்ப்பு கூடுகிறது, அபூர்வமாக ஆண்களுக்கே மார்பகப் புற்றுநோயும் வரும். பழுது பிள்ளைகளுக்குப் போகும் வாய்ப்பு சரிபாதி. மகனா மகளா என்ற பேதம் கிடையாது.

இதை முதலில் துரத்திப் பிடித்தவர் அமெரிக்க விஞ்ஞானி மேரி-கிளேர் கிங். மார்பகப் புற்றுநோய் மாதிரி சிக்கலான நோய்க்குப் பின்னால் ஒற்றை மரபணு இருக்கும் என்பதை அன்று பலரும் நம்பவில்லை. பல வருடம் குடும்பங்களாகத் தேடி, 1990இல் அது 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டினார். 1994இல் பிஆர்சிஏ1 கையில் கிடைத்தது, அடுத்த வருடம் 13ஆம் குரோமோசோமில் பிஆர்சிஏ2.

முதல் சந்திப்பில் ஊசி கிடையாது

ஜெனெடிக் கவுன்சிலரிடம், அதாவது பரம்பரை நோய் ஆபத்து பற்றியும் டெஸ்ட் பற்றியும் ஆலோசனை சொல்பவரிடம், போகிறவர்களுக்கு ஏமாற்றம் தரும் விஷயம் இது. டெஸ்ட் எடுக்கலாம் என்று போனால் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு சொந்தக்காரர்களைப் பற்றிக் கேட்க ஆரம்பிப்பார். மூன்று தலைமுறை. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு, இறந்தவர்கள் மேல் ஒரு சாய்கோடு.

மீனா என்று ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். 34 வயது, பள்ளி ஆசிரியை, ஒரு குழந்தை. அம்மாவுக்கு 68 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து சிகிச்சை முடிந்திருக்கிறது. அதனால்தான் வந்திருக்கிறார். கவுன்சிலர் அம்மா பக்கத்தை வேகமாக வரைந்து முடித்துவிட்டு, "அப்பா பக்கம் சொல்லுங்க" என்கிறார்.

"அப்பா பக்கம் யாருக்கும் கேன்சர் இல்லீங்க மேடம்."

"அப்பா கூடப் பிறந்தவங்க?"

"மூணு அத்தை. பெரிய அத்தை நான் சின்னப் புள்ளையா இருக்கும்போதே தவறிட்டாங்க. வயித்துல தண்ணி கட்டிக்கிச்சுன்னு சொல்வாங்க."

"என்ன வயசு இருக்கும்?"

"நாப்பத்தஞ்சு, நாப்பத்தாறு."

கவுன்சிலரின் பேனா அங்கே நின்றுவிடும். வயிற்றில் தண்ணீர் கட்டுவது பல நோய்களில் நடக்கும். முற்றிய சினைப்பைப் புற்றுநோயிலும் நடக்கும். நம் வீடுகளில் புற்றுநோய் என்ற பெயரே இல்லாமல் செத்துப்போனவர்கள் நிறைய: வயித்துல கட்டி, வயித்துல தண்ணி, கர்ப்பப்பையில ஏதோ. இன்னும் இரண்டு கேள்வி கேட்டால், கோயம்புத்தூரில் இருக்கும் சின்ன அத்தைக்கு 39 வயதில் மார்பகத்தில் ஆபரேஷன் நடந்தது வெளியே வரும். "அது சும்மா கட்டின்னாங்க, எடுத்துட்டாங்க" என்பார் மீனா. சும்மா கட்டிக்கு ஆறு கீமோ கொடுத்தார்களா என்று கேட்டால் முகம் மாறும்.

ஆக, மீனாவை இங்கே அழைத்துவந்த அம்மாவின் நோய் பெரும்பாலும் வயதில் வந்தது. கவனிக்க வேண்டியது அப்பா வழி. அப்பாவுக்கு ஒன்றுமே வராததால் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பிராக்கா பழுது ஆண்கள் வழியாகச் சத்தமில்லாமல் கடந்து போகும். மார்பக நோய் என்றாலே அம்மா, பாட்டி, பெரியம்மா, சித்தி என்று மட்டும் யோசிக்கும் பழக்கத்தில் பாதிக் குடும்பம் கணக்கில் வராமலே போய்விடுகிறது. சில டாக்டர்களும் இதே தவறைச் செய்கிறார்கள்.

யாருக்கு முதலில் டெஸ்ட்?

மீனாவுக்குத்தானே என்று தோன்றும். கவுன்சிலர் வேண்டாம் என்பார், அல்லது "முதலில் அத்தையைக் கேட்டுப் பாருங்கள்" என்பார். நோய் வந்து, உயிரோடு இருப்பவரிடம்தான் தேடலைத் தொடங்க வேண்டும். அத்தையிடம் ஒரு குறிப்பிட்ட பழுது கிடைத்துவிட்டால், மீனாவிடம் அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும். டெஸ்டும் மலிவு, பதிலும் தெளிவு. இருக்கிறது அல்லது இல்லை. இல்லையென்றால் மீனாவின் ஆபத்து ஊரில் மற்ற பெண்களுக்கு உள்ளதை ஒட்டி வந்துவிடும், அவர் மகளுக்கும் அவர் வழியாக அந்தப் பழுது போகாது.

அத்தையை விட்டுவிட்டு மீனாவை மட்டும் சோதித்து "நெகட்டிவ்" என்று வந்தால்? அதற்கு இரண்டு அர்த்தம். குடும்பத்தில் பழுது இருந்து மீனாவுக்கு வராமல் போயிருக்கலாம். அல்லது குடும்பத்தில் இருக்கும் பழுது இந்த டெஸ்ட் பார்க்காத இடத்தில் இருக்கலாம். இரண்டாவது அர்த்தத்தை மறந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவதுதான் ஆபத்து.

சரி, அத்தையிடம் கேட்க வேண்டும். மீனாவின் அப்பாவுக்கும் அத்தைக்கும் நிலத் தகராறில் பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மீனா தயங்கித் தயங்கி போன் செய்கிறாள்.

"இத்தனை வருஷம் கழிச்சு எனக்கெதுக்கு கண்ணு டெஸ்ட்டு? வந்தது வந்துச்சு, போயிருச்சு."

"உங்களுக்காக இல்லத்தை, எங்களுக்காக. உங்க பொண்ணு சுதாவுக்கும்தான்."

"சுதாவுக்கு இப்பதான் ஜாதகம் எடுத்திருக்கோம். இந்த நேரத்துல இதெல்லாம் வெளிய தெரியணுமா?"

அத்தை சொல்வதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பெண் பார்க்க வரும் இடத்தில் "அவங்க வீட்ல கேன்சர் ஜீன் இருக்காம்" என்ற ஒரு வாக்கியம் என்ன செய்யும் என்று அத்தைக்குத் தெரியும். பழுது மாப்பிள்ளைகள் வழியாகவும் அதே அளவுக்குப் போகிறது என்பதை யாரும் கேட்கப் போவதில்லை. ரிசல்ட்டை யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் இருப்பது என்பது சோதிக்கப்படுபவரின் உரிமை. கவுன்சிலர் அதை வெளியில் விடமாட்டார். ஆனால் அத்தை டெஸ்டே எடுக்காமல் இருந்தால் அதன் விலையைச் சுதாவும் சேர்ந்து கொடுக்க நேரலாம். என்னைக் கேட்டால், கல்யாணத்துக்காகத் தள்ளிப்போடுவதில் தவறில்லை, ஒரேயடியாக மறைப்பதில்தான் தவறு. இருபத்திரண்டு வயதில் சுதா உடனே செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. முப்பதை நெருங்கும்போது உண்டு.

ரிசல்ட்டில் மூன்றாவது பதில்

ரிப்போர்ட் வரச் சில வாரம் ஆகும். நோய் உண்டாக்கும் மாற்றம் கிடைத்தது, கிடைக்கவில்லை: இந்த இரண்டுதான் வரும் என்று எதிர்பார்ப்போம். மூன்றாவதாக ஒன்று உண்டு. டிஎன்ஏவில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது, ஆனால் அது கெடுதலா இல்லையா என்று யாருக்கும் இன்னும் தெரியாது. ரிப்போர்ட்டில் இதற்கு வியுஎஸ் என்று பெயர். நோயாளிகளை அதிகம் குழப்புவது இதுதான். காசு கட்டி, காத்திருந்து, "தெரியவில்லை" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

இப்படி வருவதற்குக் காரணம், ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் போதிய தரவு இல்லை. உலகின் மரபணுத் தரவுத் தொகுப்புகளில் ஐரோப்பிய வம்சத்தவரே பெரும்பங்கு. அங்கே ஒரு மாற்றம் ஆயிரம் பேரிடம் இருந்து யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தால் "தீங்கில்லாதது" என்று மூடிவிடலாம். நம் ஊர்க்காரரிடம் வரும் மாற்றத்தை அப்படி மூட எண்ணிக்கை போதாது. அதனால் ஆசியர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தத் தெரியாத பதில் அதிகமாக வருகிறது. பிறகு தெளிவு கிடைக்கும்போது இவற்றில் பெரும்பாலானவை தீங்கில்லாதவை என்றே முடிகின்றன. ஆகவே வியுஎஸ் வந்தால் அதை வைத்து எந்த உறுப்பையும் எடுக்கக் கூடாது. குடும்ப வரலாற்றைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும், அதாவது டெஸ்டுக்கு முன் இருந்த இடத்துக்கே திரும்ப வேண்டும்.

இந்த இடத்தில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. யூதர்களில், ஐரோப்பா வழி வந்த அஷ்கெனாசி என்ற பிரிவினரிடம் பிராக்கா பழுது 40 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அதில் மூன்று குறிப்பிட்ட மாற்றங்களே பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருபவை. மூன்றில் ஒன்றின் பெயர் 185டெல்ஏஜி. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள் தென்னிந்தியக் குடும்பங்களைச் சோதித்து 2009இல் வெளியிட்ட கட்டுரையில், அதே 185டெல்ஏஜி இங்கேயும் அடிக்கடி தென்படுவதாகக் காட்டினார்கள். ஐரோப்பிய யூதர்களுக்கும் நமக்கும் பொதுப் பாட்டி இருக்கிறாளா என்று உடனே கேட்கத் தோன்றும். ஒரு இந்தியக் குடும்பத்தில் அந்த மாற்றத்தைச் சுற்றியுள்ள டிஎன்ஏவை ஆராய்ந்தபோது, அது இங்கே தனியாகவே தோன்றியிருக்கலாம் என்று தெரிந்தது. டிஎன்ஏவில் சில இடங்கள் எளிதில் உடையக்கூடியவை.

பாசிட்டிவ் என்று வந்தால்

அத்தைக்குப் பழுது கிடைத்தது, மீனாவுக்கும் அதுவே, பிஆர்சிஏ1 என்று வைத்துக்கொள்வோம். மீனாவுக்கு இன்று எந்த நோயும் இல்லை. கவுன்சிலர் அவர்முன் வைக்கும் வழிகள் இவை.

கண்காணித்துக்கொண்டே இருக்கலாம். 25 வயதிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை மார்பக எம்ஆர்ஐ, 30க்குப் பிறகு அதோடு மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே. நோயைத் தடுக்காது, வந்தால் சின்னதாக இருக்கும்போதே பிடிக்கும். சொல்வதற்கு எளிது. எம்ஆர்ஐ வசதியுள்ள ஊருக்கு வருடாவருடம் போக வேண்டும், லீவு போட வேண்டும், செலவு கையிலிருந்து. ஸ்கேனில் சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் பயாப்ஸி, ரிசல்ட் வரும்வரை தூக்கம் போகும். அடுத்த வருடமும் இதே.

மார்பகங்களை முன்கூட்டியே எடுத்துவிடலாம். ஆபத்து 90 சதவீதத்துக்கு மேல் குறையும். திரும்பப் பெற முடியாத முடிவு. மறுசீரமைப்பு செய்தாலும் உணர்ச்சி பழையபடி வராது. பாலூட்டல் இல்லை. இதில் சரி, தவறு என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. நல்ல கண்காணிப்பு வசதி கிடைப்பவர்கள் காத்திருப்பதில் நியாயம் இருக்கிறது.

சினைப்பை விஷயம் வேறு மாதிரி. அங்கே நம்பகமான கண்காணிப்பு முறையே இல்லை. சிஏ-125 ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வைத்து பிரிட்டனில் 2 லட்சம் பெண்களுக்கு மேல் சேர்த்து நடத்திய பெரிய ஆய்வில், அதனால் சாவு குறையவில்லை என்பது 2021இல் உறுதியானது. அது சாதாரண ஆபத்துள்ள பெண்களிடம் நடந்த ஆய்வு. பிராக்கா உள்ளவர்களிடமும் உயிர் காப்பதாக நிரூபணம் இல்லை. எனவே பிஆர்சிஏ1 என்றால் 35 முதல் 40 வயதுக்குள், பிஆர்சிஏ2 என்றால் 40 முதல் 45க்குள், குழந்தை பெற்று முடித்த பிறகு, சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். இதைப் பரிந்துரையாகவே, கொஞ்சம் அழுத்தியே சொல்வார்கள். விலை என்ன? ஆபரேஷன் முடிந்த கையோடு மாதவிடாய் நின்றுவிடும். 38 வயதில் உடம்பு எரியும், வியர்க்கும், தூக்கம் கெடும், எலும்பு தேயத் தொடங்கும். ஹார்மோன் மாத்திரை கொடுக்கலாமா என்பது ஏற்கெனவே மார்பகப் புற்றுநோய் வந்தவரா இல்லையா என்பதைப் பொறுத்தது. இதையெல்லாம் ஆபரேஷனுக்கு முன்பே பேசியிருக்க வேண்டும். பல இடங்களில் பேசுவதில்லை.

மீனாவுக்கு இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் கணக்கு மாறும். 34இல் தெரிந்துவிட்டது, 40க்குள் முடிவெடுக்க வேண்டும், நடுவில் ஆறு வருடம். சிலர் ஐவிஎஃப் செய்து, பழுது இல்லாத கருவை மட்டும் தேர்ந்தெடுத்துக் கர்ப்பப்பையில் வைக்கிறார்கள். தெரிந்த பரம்பரை நோய்களுக்காகக் கருவைச் சோதிக்க இந்தியச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் பெரியவரான பிறகு வரக்கூடிய, வராமலும் போகக்கூடிய நோய்க்கு இவ்வளவு பணமும் ஊசியும் தேவையா என்பதில் தம்பதிகளுக்குள்ளேயே ஒத்துப்போவதில்லை. மீனாவின் கணவர் "எதுக்கு இதெல்லாம்" என்று சொல்லலாம். மாமியாருக்கு எதைச் சொல்வது, எதை விடுவது என்பது தனிக் கதை.

இந்த முடிவுகளை உலகமே பேசவைத்தவர் நடிகை ஏஞ்சலினா ஜோலி. 2013 மே மாதம் நியூயார்க் டைம்ஸில் எழுதினார்: பிஆர்சிஏ1 பழுது இருக்கிறது, அம்மா 56 வயதில் இறந்தார், இரண்டு மார்பகங்களையும் எடுத்துவிட்டேன் என்று. 2015இல் சினைப்பைகளையும் எடுத்தார். பிரிட்டனில் மரபணு மையங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்கள் அடுத்த இரண்டு மாதத்தில் முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அமெரிக்காவில் நடந்ததுதான் யோசிக்க வைக்கிறது. கட்டுரை வந்த மூன்று வாரத்தில் டெஸ்ட் எண்ணிக்கை 64 சதவீதம் ஏறியது. ஆனால் டெஸ்ட் எடுத்தவர்களில் மார்பகத்தை நீக்கிக்கொண்டவர்களின் விகிதம் ஏறவில்லை, கொஞ்சம் இறங்கியது. அதாவது ஆபத்து குறைவானவர்கள்தான் பயந்து ஓடிவந்திருக்கிறார்கள். டெஸ்ட் தேவைப்படும் குடும்பங்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்பது சந்தேகமே.

ஏற்கெனவே நோய் உள்ளவருக்கு

இவர்களுக்கு இந்த டெஸ்டால் கிடைக்கும் பலன் நேரடியானது. 2005இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக ஒன்றைக் காட்டின. பழுதான டிஎன்ஏவைச் செல் சரிசெய்ய வழிகள் பல; பிராக்கா ஒன்று, பார்ப் என்ற நொதி மற்றொன்று. ஆற்றைக் கடக்க இரண்டு பாலம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய்ச் செல்லில் பிராக்கா பாலம் ஏற்கெனவே இடிந்துபோனது. மருந்து கொடுத்துப் பார்ப் பாலத்தையும் மூடினால் அந்தச் செல் சாகும். உடம்பின் மற்ற செல்களில் முதல் பாலம் நிற்பதால் அவை பிழைத்துக்கொள்ளும். இப்படி வந்த ஒலாபரிப் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2014இல் சினைப்பைப் புற்றுநோய்க்கும், 2018இல் பரவிய மார்பகப் புற்றுநோயில் ஒரு வகைக்கும் அனுமதி கிடைத்தது. எனவே இப்போது சினைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்த எல்லோருக்கும், குடும்பத்தில் யாருக்கும் இல்லாவிட்டாலும், பிராக்கா டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. புற்றுநோய் என்று தெரிந்த அதிர்ச்சியே ஆறவில்லை, அதற்குள் "இந்த டெஸ்டையும் எடுத்துடுங்க, மாத்திரைக்கு வேணும்" என்று ஒரு படிவம் கையெழுத்துக்கு வரும். மருந்துக்காக எடுத்த டெஸ்ட் மகளைப் பற்றியும் தம்பியைப் பற்றியும் செய்தி சொல்லும் என்பது ரிசல்ட் வந்த பிறகுதான் நோயாளிக்குப் புரிகிறது.

புற்றுநோய்க்கு வெளியேயும் மருந்தைத் தேர்வு செய்ய மரபணு டெஸ்ட் வந்துவிட்டது. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின், எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குத் தோல் உரிந்துபோகும் கடுமையான ஒவ்வாமையைத் தரலாம்; ஆசிய வம்சத்தவருக்கு முன்கூட்டியே சோதிக்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007லேயே சொன்னது. இந்த வகை டெஸ்டில் மனப்போராட்டம் அதிகமில்லை. வேறு மாத்திரை எழுதிக்கொடுத்தால் முடிந்தது.

தெரிந்துகொள்ளாமல் இருக்கலாமா?

இருக்கலாம். இதற்கு நல்ல உதாரணம் ஹன்டிங்டன் நோய். நடுவயதில் தொடங்கி, கை கால் தானாக ஆடி, அறிவு மங்கி, பல வருடம் இழுத்துச் சாகடிக்கும் பரம்பரை நோய். பிள்ளைகளுக்குப் போகும் வாய்ப்பு இங்கேயும் பாதி. ஆனால் பிராக்கா போல "வரலாம்" என்பதில்லை, முழுப் பழுது இருந்தால் அனேகமாக வந்தே தீரும். தடுக்க வழி கிடையாது. நான்சி வெக்ஸ்லர் என்ற விஞ்ஞானியின் அம்மா இந்த நோயில் இறந்தார். வெனிசுவேலாவில் மரக்கைபோ ஏரிக்கரைக் கிராமங்களில் இந்த நோய் கூட்டமாக இருந்தது. நான்சி வருடக்கணக்கில் அங்கே போய் ரத்தம் சேகரித்தார். அந்த உழைப்பால் 1983இல் மரபணு எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் அடையாளமும் 1993இல் மரபணுவும் கிடைத்தன, டெஸ்ட் வந்தது. டெஸ்ட் வருவதற்குக் காரணமான அவரே தனக்கு இருக்கிறதா என்ற கேள்விக்குப் பல வருடம் பொதுவில் பதில் சொல்லவில்லை. தனக்கும் அந்த நோய் இருப்பதை 2020இல்தான் வெளிப்படையாகச் சொன்னார். ஹன்டிங்டன் குடும்பங்களில் பெரும்பாலோர் இன்றும் டெஸ்ட் எடுப்பதில்லை.

பிராக்காவையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது: ஒரு மரபணு டெஸ்ட் எவ்வளவு துல்லியம் என்பதைவிட, ரிசல்ட் வந்த மறுநாள் கையில் செய்ய என்ன இருக்கிறது என்பதே அதன் மதிப்பு. அந்த "கையில்" என்பதில் பணம், தூரம், வீட்டார் சம்மதம் எல்லாம் அடக்கம். எம்ஆர்ஐக்கு வழியில்லாத பெண்ணிடம் 72 சதவீதம் என்று சொல்லி அனுப்புவது, ஹன்டிங்டன் ரிசல்ட் கொடுப்பதிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல.

தெரியாமல் இருக்கும் உரிமையும் சொந்தக்காரரின் தெரிந்துகொள்ளும் உரிமையும் மோதும் இடமும் உண்டு. பிரிட்டனில் ஒருவருக்கு ஹன்டிங்டன் என்று தெரிந்தது. அவர் மகள் அப்போது கர்ப்பிணி. மகளிடம் சொல்ல அப்பா சம்மதிக்கவில்லை, டாக்டர்களும் சொல்லவில்லை. பிள்ளை பிறந்த பிறகுதான் மகளுக்குத் தெரிந்தது. பின்னால் அவருக்கும் அந்தப் பழுது உறுதியானது. வழக்குப் போட்டார். 2020இல் தீர்ப்பு வந்தது: நோயாளியின் ரகசியத்தையும் உறவினரின் நலனையும் எடைபோட்டுப் பார்க்கும் கடமை மருத்துவர்களுக்கு உண்டு, ஆனால் இந்த வழக்கில் அதை அவர்கள் மீறவில்லை. அவர் தோற்றார். ஐஸ்லாந்தில் வேறு வழி பிடித்தார்கள். அங்கே ஒரே ஒரு பிஆர்சிஏ2 மாற்றம் பரவலாக உண்டு. ஆராய்ச்சிக்காக மக்களின் டிஎன்ஏ தரவும் ஏற்கெனவே சேர்ந்திருந்தது. 2018இல் ஒரு இணையதளம் திறந்து, விரும்புகிறவர்கள் கேட்டால் மட்டும் பதில் சொல்வோம் என்றார்கள்.

பணம், பாலிசி, எச்சில் குப்பி

அமெரிக்காவில் மிரியட் என்ற நிறுவனம் பிராக்கா மரபணுக்களுக்கே காப்புரிமை வாங்கி வைத்திருந்தது. வேறு யாரும் டெஸ்ட் செய்ய முடியாது, கட்டணம் 3,000 டாலருக்கு மேல். இயற்கையாக உள்ள டிஎன்ஏவுக்குக் காப்புரிமை கிடையாது என்று 2013 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அன்றே மற்ற ஆய்வகங்கள் டெஸ்டை அறிவித்தன. விலை சரியத் தொடங்கியது.

காப்பீடு இன்னும் தெளிவில்லாத இடம். அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி, மரபணு ரிசல்ட்டைக் காட்டி மருத்துவக் காப்பீட்டையோ வேலையையோ மறுக்க முடியாது. ஆயுள் காப்பீடு அதில் அடங்காது. இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. மரபணுவைக் காரணம் காட்டி மருத்துவக் காப்பீட்டில் பாகுபாடு காட்டுவது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. அதன் ஒரு பகுதியை உச்ச நீதிமன்றம் பிறகு நிறுத்திவைத்தது. 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் மரபணு நோய்களை மொத்தமாக விலக்கிவைக்கக் கூடாது என்று நிறுவனங்களுக்குச் சொன்னது. ஆனாலும் வராத நோய்க்காகச் செய்யும் ஆபரேஷனுக்குப் பணம் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. ஏஜென்ட் வாயால் சொல்வதை நம்பாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கே வரும் குப்பியில் எச்சிலைத் துப்பி அனுப்பும் டெஸ்டுகள் பற்றி ஒன்று மட்டும். 23அண்ட்மீ நிறுவனத்துக்கு 2018இல் பிராக்காவைச் சொல்ல அனுமதி கிடைத்தபோது அது பார்த்தது மேலே சொன்ன அஷ்கெனாசி மாற்றங்கள் மூன்றை மட்டுமே. நோய் தரும் மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அதில் "இல்லை" என்று வந்ததை வைத்து ஒரு தமிழ்க் குடும்பம் எதையும் முடிவு செய்ய முடியாது. அந்த நிறுவனம் 2025இல் திவால் மனு போட்டபோது, கொடுத்த டிஎன்ஏ தரவு யார் கைக்குப் போகும் என்று லட்சக்கணக்கானவர்கள் கவலைப்பட வேண்டிவந்தது.

டெஸ்ட் எடுத்தவர்கள் ரிப்போர்ட்டின் முழுப் பிரதியை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். "பாசிட்டிவ்" என்று டாக்டர் சீட்டில் எழுதித் தருவது போதாது. எந்த மரபணு, எந்த மாற்றம் என்ற வரி வேண்டும். கோயம்புத்தூரில் எடுத்த அத்தையின் ரிப்போர்ட்டில் உள்ள அந்த ஒரு வரி இருந்தால், சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் மகனுக்கும் அதே இடத்தை மட்டும் சோதித்துவிடலாம். வியுஎஸ் வந்தவர்கள் ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை கவுன்சிலருக்கு போன் போட்டு, வகை மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். ஆய்வகங்கள் தாமாகவே கூப்பிட்டுச் சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம். போன் நம்பரை மாற்றினால் அதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.